எட்டுக்குள் அடங்காத சாலை

ஏலாக்குறிச்சிப் பக்கம் எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் வாங்கிய பிறகு வண்டி பழகுகிறவர்கள் குறைவு. பழகி நாலைந்து வருஷம் ஆகி, திருமானூர் ரோட்டில் ஒருநாள் போலீஸ் மடக்கிய பிறகுதான் அந்தக் காகிதத்தின் நினைப்பே வரும். அப்பாவின் எக்ஸெல் மொபெட்டில் உர மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு கொள்ளிடக் கரையில் போகிற பையனுக்குப் பதினாலு வயதிருந்தால் அதிகம்.

அவன் விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 50 சிசி வரையிலான வண்டியை 16 வயதில் ஓட்டலாம். அதற்கு மேல் 18 ஆக வேண்டும். எக்ஸெல் 100-இன் எஞ்சினோ 99.7 சிசி. பதினாறு வயதுச் சலுகை ஏட்டில் இருக்கிறது, அதற்கேற்ற பெட்ரோல் வண்டியைத்தான் கடையில் தேட வேண்டும். 2019 திருத்தம் வந்த பிறகு, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. தண்டனை கடுமைதான். ஆனால் அவன் முறையாகப் பழக ஒரு வழியையும் சட்டம் திறந்துவிடவில்லை.

குறை மட்டும் சொல்வது நியாயமில்லை. முன்பெல்லாம் எல்.எல்.ஆருக்கே அரியலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நடை, லைசென்ஸுக்கு மறு நடை, அட்டை வாங்க இன்னொரு நடை. நூறு நாள் வேலைக்குப் போன பெண்ணுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. இப்போது ஆதார் எண் இருந்தால் எல்.எல்.ஆர். தேர்வை இருந்த இடத்திலேயே எழுதலாம். 2024 மார்ச் முதல் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் சேவைக் கட்டணத்தில் விண்ணப்பிக்கவும் வழி வந்தது. அதற்கு முந்தைய மாதம் முதல் உரிம அட்டையும் விரைவுத் தபாலில் வீடு தேடி வருகிறது. தரகர் கைக்குப் போன பணத்தில் ஒரு பகுதியாவது இதில் மிச்சம். அலுவலகங்கள் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

எல்.எல்.ஆர். கைக்கு வந்து குறைந்தது 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம். காகிதம் 6 மாதம் செல்லும். அந்த 30 நாள் எதற்கு? பழகுவதற்கு. யார் பழக்குவது? 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளைப் புரட்டினால், உரிமம் உள்ள பயிற்றுநர் ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உடன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கின்றன. காருக்குச் சரி. பைக்கின் பின் சீட்டில் பிரேக் எங்கே இருக்கிறது? கார் ஓட்டுகிறவரை மனதில் வைத்து எழுதிய வரியை பைக் ஓட்டுகிறவர் தலையிலும் கட்டியிருக்கிறார்கள். நடைமுறையில் முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் ‘எல்’ ஒட்டுவதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. அதையும் ஒட்டாதவர்களே அதிகம்.

பிறகு லைசென்ஸ் தேர்வில் எட்டு. திடலில் தரையில் எட்டு வரைந்திருக்கும். காலை ஊன்றாமல், கோட்டைத் தாண்டாமல், மெதுவாகச் சுற்றி வர வேண்டும். முதல் நாள் வரை ஸ்கூட்டரில் தெருவைச் சுற்றிய அக்கா, இரண்டாம் வளைவில் தோள் இறுகி, பார்வை முன்சக்கரத்தில் விழுந்த கணமே காலை ஊன்றிவிடுவார். பார்வை போகிற பக்கம் வண்டி போகும் என்பதை அந்த ஒரு சுற்று கற்றுத் தரும். மெதுவாக ஓட்டுவது வேகமாக ஓட்டுவதைவிடக் கடினம். ஆகவே எட்டை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட மாட்டேன். தோற்றால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

ஆனால் திடலைத் தாண்டிய சாலை வேறு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் ஓயாது. கரும்பு டிராக்டர் இருட்டில் பின்விளக்கில்லாமல் நிற்கும். அறுப்புக் காலத்தில் பாதிச் சாலையில் தானியம் காயும். அதில் பிரேக் பிடித்தால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில் திருவிழா என்றால் நடந்து வருகிறவர்கள் ஓரமெல்லாம் இருப்பார்கள். எட்டில் இவை எதற்கும் இடமில்லை. கியர் மாற்றம், கண்ணாடி பார்ப்பது, கைச்சைகை, முந்துவது என்று அதே மத்திய விதிகளில் விதி 15 நீளமாகப் பட்டியல் போடுகிறது. திடலில் பார்ப்பது அதில் சொற்பமே. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் வந்தவர்கள்.

பிரிட்டனில் பைக் தேர்வின் முதல் கட்டத்தில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து திடீரென நிறுத்திக் காட்டச் சொல்கிறார்கள். நம் ஊரில் தேர்வு நடத்துகிற மோட்டார் வாகன ஆய்வாளருக்கு மக்கள் வைத்த பெயர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’. ஆனால் அவர் பார்வைக்கு வராதது பிரேக்தான்.

போக்குவரத்துத் துறைக்கு ஒரு வேண்டுகோள். எட்டுக்குப் பக்கத்திலேயே நேராக ஓர் ஓடுதளம் போடுங்கள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு இன்ஸ்பெக்டர் கையைக் காட்டட்டும். சறுக்காமல் நிறுத்துகிறவருக்கு மட்டும் லைசென்ஸ் கொடுங்கள்.