பட்டோலையும் பத்திராதிபரும்

வ்யாக்யான விசாரக் கட்டுரைகளில் பத்திராதிபர்கள் கைவைப்பது இப்போது ஸஹஜமாகிவிட்டது. எழுதினவர் ஒரு பாடத்தைக் காட்ட, அச்சில் வேறொரு பாடம் நிற்கிறது. கருத்து தம் கலைக்கு ஒவ்வாததாயின் ஒரு பங்க்தியே மறைந்துபோகிறது. கேட்டால், "நஞ்சீயருடைய 9000 படியை நம்பிள்ளை திருத்தவில்லையோ?" என்று ஸமாதானம் சொல்வாருண்டு. இது விசாரிக்கத் தக்கது.

அந்த ஐதிஹ்யம் யாவரும் அறிந்ததே. நஞ்சீயர் தாம் அருளிச்செய்த திருவாய்மொழி வ்யாக்யானத்தை நன்றாக எழுதித் தரும்படி வரதராஜரிடம் ஒப்புவித்தார். காவிரியைக் கடக்கையில் ஸ்ரீகோசம் வெள்ளத்தில் போயிற்று. கேட்டிருந்த அர்த்தங்களை நினைந்து அவர் மறுபடி எழுதினார். சிலவிடங்களில் விசேஷார்த்தங்களும் சேர்ந்தன. இவ்வளவோடு நிறுத்துகிறவர்கள் மேலே நடந்ததை விட்டுவிடுகிறார்கள். எழுதினதை அவர் நஞ்சீயர் திருமுன்பே கொண்டுபோய் ஸமர்ப்பித்தார். நஞ்சீயர் வாசி கண்டு வினவ, நடந்ததை ஒளியாமல் விண்ணப்பம் செய்தார். மூலகர்த்தா தாமே கண்டு உகந்து, நம்பிள்ளை என்று திருநாமமும் சாற்றினார். எழுதினவர் அச்சான பிறகே தம் கட்டுரையில் நேர்ந்த மாற்றத்தை அறிவதற்கு இது எங்ஙனே த்ருஷ்டாந்தமாகும்?

உண்மையான த்ருஷ்டாந்தம் மணவாளமாமுனிகளிடத்தில் உள்ளது. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் பெரும்பகுதி லுப்தமாயிற்று. மாமுனிகள் லுப்தமான பாசுரங்களுக்கு மட்டுமே உரையிட்டு, பழைய உரை கிடைத்தவிடத்தில் நிறுத்தியருளினார். முழுவதற்கும் தாமே எழுத அவருக்கு ஜ்ஞானம் போதாதோ? பிள்ளையின் ஸ்ரீஸூக்தி எது, மாமுனிகளது எது என்று இன்றும் நாம் பிரித்தறிவது அந்த அடக்கத்தாலன்றோ.

எழுத்துப்பிழை திருத்துவதை ஒருவரும் குறைகூறார். அர்த்தத்தில் பிழை கண்டால் எழுதினவருக்குத் தெரிவிக்கலாம். அவர் இசையாவிடில், கட்டுரையை அவர் எழுதினபடியே விட்டு, தம் பெயரிட்டு அடிக்குறிப்பில் மறுக்கலாம். பிரசுரிக்க மனமில்லையேல் திருப்பியனுப்பலாம், அதுவும் நேர்மையே. தென்கலை, வடகலை விவாதம் தொட்ட கட்டுரையை ஒரு கலையாரிடமே காட்டி, "வித்வான்கள் ஏற்கவில்லை" என்று பொதுவாக எழுதிவிடுவதுதான் தகாதது.

காலஞ்சென்ற வித்வான்களின் கட்டுரைகளை மறுபிரசுரம் செய்யுமிடத்தில் நிலைமை இன்னும் மோசம். நஞ்சீயரைக் கேட்டதுபோல் கேட்க அவர்கள் இல்லை. தலைப்பின் கீழே "திருத்திய பதிப்பு" என்றிருக்கும். திருத்தினவர் யார், எந்த ஏட்டைக் கொண்டு, எவ்வெவ்விடத்தில் என்று தேடினால், முகவுரையிலும் இல்லை, அடிக்குறிப்பிலும் இல்லை.