வலப்பக்கம் இழுக்கும் பந்துக்கு எந்த டிரைவர்?

நாமக்கல்லில் டிரைவர் என்றால் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் நினைவுக்கு வருவார். நான் எழுதப்போவது கோல்ஃப் பையில் இருக்கும் மிக நீளமான மட்டையைப் பற்றி. ஆனாலும் அதைச் சோதிக்கும் வழி எனக்குப் பிடிபட்டது ஒரு வீல் அலைன்மென்ட் பட்டறையில்தான். வலப்பக்கமே இழுக்கும் லாரிக்குப் புது டயர் போடச் சொன்னார் உரிமையாளர். மெக்கானிக் மறுத்தார்: "டயரை மாத்துனா மட்டும் இழுவை நிக்காதுங்கண்ணா. எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு முதல்ல பாருங்க."

என் பந்தும் அப்படித்தான் இழுத்தது. வலக்கைக்காரர் அடித்த பந்து கிளம்பிய கோட்டை விட்டு வலப்பக்கம் வளைந்து போவதற்கு ஸ்லைஸ் என்று பெயர். கிரிக்கெட்டில் வளர்ந்து பிறகு கோல்ஃபுக்கு வந்த என்னைப் போன்ற பலரை இது விடாமல் பிடித்துக்கொள்கிறது. இதைச் சரிசெய்யவே வடிவமைத்தவை என்ற பெயரில் டிரைவர்கள் விற்பனைக்கு உண்டு. அவை உண்மையிலேயே உதவுமா, உதவினால் யாருக்கு என்பதுதான் இந்தச் சோதனை.

பந்து ஏன் வளைகிறது?

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, தொடும் நொடியில் மட்டையின் முகம் பார்க்கும் திசை. எந்தப் பக்கம் வளையும் என்பதைத் தீர்மானிப்பது, அந்த முகத்துக்கும் மட்டை வீசி வரும் தடத்துக்கும் இடையிலுள்ள கோணம். தடத்தைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் ஸ்லைஸ்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது. முகத்தின் நடுவில் படாமல், தண்டுக்குப் பக்கத்திலுள்ள ஹீல் ஓரத்தில் பந்து பட்டால் மட்டையின் தலை லேசாகத் திரும்பும். இரண்டு பல்சக்கரங்கள் கோத்துக்கொண்டதுபோல் பந்து எதிர்த்திசையில் சுழலும். அந்தச் சுழற்சி ஸ்லைஸை வளர்க்கும். மறுமுனையான டோ ஓரத்தில் பட்டால் பந்து இடப்பக்கம் வளையும்.

மரத் தலைகளின் காலத்திலேயே இதை அறிந்து, ஈடுகட்ட முகத்தைச் சற்றே வெளிப்புறம் குவித்துச் செதுக்கினார்கள். அந்தத் தலைகளுக்குப் பயன்பட்ட பெர்சிமன் மரம், நம் கருங்காலியின் பேரினத்தைச் சேர்ந்தது. 1979-இல் கேரி ஆடம்ஸ் தொடங்கிய டெய்லர்மேட் நிறுவனம் உலோகத் தலையைப் பரப்பியது. 1991-இல் காலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா தலையைப் பெரிதாக்கியது. 2004-இல் டெய்லர்மேட் ஆர்7 குவாட், எடைகளைக் கழற்றி இடம் மாற்றும் வசதியைக் கொண்டுவந்தது. இன்றைய விதிப்படி தலையின் கொள்ளளவு 460 கன செ.மீ.யைத் தாண்டக் கூடாது. பெரும்பாலான டிரைவர்கள் அந்த எல்லையைத் தொட்டுவிட்டதால், இப்போது போட்டி எடையை எங்கே வைப்பது என்பதில்தான்.

சோதித்த மட்டைகள்

மூன்று மட்டைகளை எடுத்துக்கொண்டேன். முதலாவது, பல ஆண்டுகளாக நான் வைத்திருக்கும், லாஃப்ட் (முகத்தின் மேல்நோக்கிய சாய்வு) 9 டிகிரி உள்ள டிரைவர். மற்ற இரண்டும் 2023-இல் வந்த பிங் ஜி430 வரிசையைச் சேர்ந்தவை, நண்பர்களிடம் இரவல் வாங்கியவை. ஒன்று 10.5 டிகிரி மேக்ஸ். அதன் பின்பக்க எடையை மூன்று இடங்களில் பொருத்தலாம். மற்றொன்று எஸ்எஃப்டி. அதில் எடை ஹீல் பக்கமாக நகர்த்தப்பட்டிருக்கிறது. டிரா (பந்தை இடப்பக்கம் வளைக்க உதவுவது), டிரா பிளஸ் என்று இரண்டே நிலைகள். தண்டைத் தலையோடு பூட்டும், திருப்பிக் கோணம் மாற்றக்கூடிய ஸ்லீவ் இரண்டிலும் ஒரே வகை என்பதால், ஒரே தண்டை மாற்றி மாற்றிப் பூட்டி, தலையை மட்டும் ஒப்பிட முடிந்தது.

எங்கள் பக்கம் முழு கோல்ஃப் ஆட்டத்துக்குக் கோயமுத்தூருக்கோ பெங்களூருக்கோதான் போகிறோம். அதனால் சோதனையை வீட்டுப் பக்கமே வைத்துக்கொண்டேன். சேந்தமங்கலம் பக்கம் அத்தை மகனின் காடு, கடலை பிடுங்கி முடித்து வெறுமையாகக் கிடந்தது. ஆட்கள் யாரும் இல்லாத மாலை நேரம், வெயில் முதுகில், எதிரே கொல்லிமலையின் ஒரு முகடு இலக்கு. வலப்பக்கம் வரப்பைத் தாண்டினால் குச்சிக்கிழங்குக் காடு. அதற்குள் போன பந்தைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

பந்தை வைக்கும் டீயிலிருந்து இலக்கை நோக்கிக் கோலமாவால் ஒரு கோடு இழுத்தேன். ஒவ்வோர் அடிக்கும் முன்பு மட்டையின் முகத்தில் டால்கம் பவுடரை மெல்லப் பூசினேன். பந்து பட்ட இடத்தில் பவுடர் அழிந்து தடம் தெளிவாகத் தெரியும். மெக்கானிக் சொன்ன டயர் தேய்மானம் எனக்கு இதுதான்.

என்ன தெரிந்தது?

பழைய மட்டையில் பந்து கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் கிளம்பி, மேலும் வலப்பக்கம் வளைந்து குச்சிக்கிழங்குக்குள் போனது. பவுடர்த் தடம் மறுபடி மறுபடி ஹீல் ஓரத்தில். இத்தனை நாள் கைமணிக்கட்டை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிக் காரணம் பந்து பட்ட இடத்தில் இருந்தது.

மேக்ஸை எடுத்ததும் முதல் சில அடிகள் பழைய மட்டையைவிட மோசம். ஸ்லீவைப் பார்த்தபோது அது ஃப்ளாட் நிலையில் இருந்தது. அந்த நிலையில் முகம் வலப்பக்கம் சாயும், ஸ்லைஸ்காரருக்கு ஆகாது. பிறர் பயன்படுத்திய மட்டையை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வழக்கமான நிலைக்குத் திருப்பியதும் வளைவு நன்றாகக் குறைந்தது. லாஃப்ட் கூடும்போது பின்சுழற்சி ஓங்கி, பந்தின் சுழல் அச்சு குறைவாகச் சாய்கிறது. ஓரத்தில் பட்டாலும் எளிதில் திரும்பாத தலை மீதிப் பிழையைத் தாங்குகிறது. எடையை டிரா பக்கம் மாற்றியபோது இன்னும் கொஞ்சம் உதவி கிடைத்தது.

எஸ்எஃப்டியில் மாற்றம் கண்கூடு. டிரா நிலையில் பந்துகள் வரப்புக்கு இப்பாலேயே விழுந்தன. டிரா பிளஸில் முகட்டை நோக்கியே பறந்தன. எடை ஹீல் பக்கம் போனதால் தலையின் ஈர்ப்பு மையமும் அங்கே நகர்ந்திருக்கிறது. அதனால் முகம் விரைவில் மூடுகிறது, ஹீல் அடியின் தண்டனையும் குறைகிறது. என் குறைக்கு இது நேரான மருந்து.

ஆனால் வீசும் தடம் வெளியிலிருந்து உள்ளே வெட்டிய சில அடிகளில், பந்து இடப்பக்கம் கிளம்பி இடப்பக்கமே நேராகப் போய் விழுந்தது. இதை யாரும் கவனிக்காமல் விடக் கூடாது. பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைகிறவருக்குக் குறை தடத்தில் இருக்கிறது. முகம் ஏற்கெனவே இடப்பக்கம்தான் பார்க்கிறது. அதை இன்னும் மூடித் தரும் மட்டை, ஒரு பிழையை இன்னொரு பிழையாக மாற்றித் தரும்.

கடைசியாக, காசு செலவில்லாத ஒரு சோதனை. மேக்ஸை ஓர் அங்குலம் கீழே தள்ளிப் பிடித்து அடித்தேன். பவுடர்த் தடம் நடுவுக்கு நகர்ந்தது, வளைவும் எஸ்எஃப்டியின் டிரா நிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தண்டு நீளமாக இருந்தால் தூரம் கூடலாம்; நடுவில் அடிப்பது அந்த அளவுக்குக் கடினமாகும்.

ஒரு வாரம் கழித்து இரவல் மட்டைகள் இரண்டையும் செட்டிபாளையத்திலுள்ள கோயமுத்தூர் கோல்ஃப் கிளப்புக்குக் கொண்டுபோனேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் மோதும்போது சின்ன வளைவும் பெரிதாகிறது. அங்கே எஸ்எஃப்டியின் அருமை கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் நன்றாக அடித்த சில பந்துகள், நான் கேட்காமலே இடப்பக்கம் திரும்பின. அந்த மட்டையில் நடுநிலை கிடையாது. அடி திருந்திய பிறகு அந்த உதவியை முழுக்க அணைக்க வழியில்லை.

யாருக்கு எது?

பந்து வலப்பக்கம் கிளம்பி வலப்பக்கமே வளைகிறதா, தடம் ஹீலில் விழுகிறதா? வாரம் ஒருமுறைதான் ஆட நேரமா? எஸ்எஃப்டி வகை மட்டையைத் தயங்காமல் வாங்கலாம்.

பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்டிருக்கிறீர்களா? 10.5 அல்லது 12 டிகிரி மேக்ஸ் போதும். எடையை இன்று டிரா பக்கம் வைத்துக்கொண்டு, அடி திருந்தத் திருந்த நடுவுக்குக் கொண்டுவரலாம். நான் வாங்க முடிவு செய்தது இதைத்தான்.

பந்து இடப்பக்கம் கிளம்புகிறதா? எந்த மட்டையும் வேண்டாம். அந்தப் பணத்தில் சில பாடங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுசுதான் வேண்டும் என்பதில்லை. தலையின் அளவுக்கும், ஓர அடியில் திரும்பாத தன்மைக்கும் விதி மேல் எல்லை வகுத்திருப்பதால், ஒரு தலைமுறை பழைய மட்டை பெரிதாகப் பின்தங்கிவிடாது; விலை மட்டும் நன்றாகக் குறையும். எதை வாங்கினாலும் கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்ன பவுடர் டப்பா இருக்கட்டும். பத்துப் பந்து அடித்து, எங்கே கிளம்பியது, முகத்தில் எங்கே பட்டது என்று பார்த்த பிறகு விலையைக் கேளுங்கள்.