அரியலூர் பஸ்ஸில் இன்ஸ்மவுத்துக்கு ஒரு டிக்கெட்

தோட்டக்காரமங்கலம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டுப் பாருங்கள், விடிய விடியப் பேசுவேன்! இந்திரா சௌந்தர்ராஜன் ‘விட்டு விடு கருப்பா’ என்று எழுதி, நாகாவின் இயக்கத்தில் ‘விடாது கருப்பு’ ஆகி, தொண்ணூறுகளின் கடைசியில் தமிழ்நாட்டையே டிவி முன்னால் கட்டிப்போட்டதே, அந்தக் கதை நடக்கிற ஊர். கற்பனை ஊர்தான், நன்றாகவே தெரியும். ஆனாலும் ஆலத்தியூர்க்காரனான எனக்கு அது செந்துறையைத் தாண்டி ஏதோ ஒரு மண் ரோட்டில் திரும்பினால் வந்துவிடும் என்றுதான் இன்றைக்கும் நினைப்பு.

அந்த ராத்திரிகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் கூடத்தில் பதினைந்து இருபது பேர், கொசுவத்திப் புகை, டியூப் லைட்டை அணைத்தாயிற்று, குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதுமே பெரியம்மா ஒருத்தர் “கருப்பா, காப்பாத்துப்பா” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார், எனக்கு அடிவயிறு சில்லென்று ஆகும். அதெல்லாம் பெரிதில்லை சார், முடிந்த பிறகு வீட்டுக்கு நடக்க வேண்டுமே! தெரு முனையில் புளியமரம், அதற்கப்பால் எல்லைச்சாமி, கையில் அரிவாளோடு, கண்ணை உருட்டிக்கொண்டு. பகலில் பக்கத்தில் போய் விளையாடின அதே சாமிதான். ஆனால் அந்த நேரத்தில் அது தோட்டக்காரமங்கலத்துக் கருப்பு, எங்கள் ஊரே தோட்டக்காரமங்கலம். ஒரே ஓட்டம்தான்! வீட்டுக் கதவைத் தள்ளி உள்ளே விழுந்த பிறகும் மார்பு அடங்காது, அப்படி ஒரு பயம், அப்படி ஒரு சந்தோஷம், அடுத்த வாரம் எப்போது வரும் என்று மறுநாள் காலையிலிருந்தே ஏங்குவேன்.

பிற்பாடு வெளிநாட்டுப் பேய்க்கதைகளுக்குள் போனபோதுதான் அந்தக் கில்லாடிகளும் இதையேதான் செய்கிறார்கள் என்று தெரிந்தது. பொய்யான ஊரைத் தனியாக அந்தரத்தில் விட மாட்டார்கள், நிஜ ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். பிராம் ஸ்டோக்கர் டிரான்சில்வேனியாவுக்குப் போனதே கிடையாது, ஆனால் 1890-ல் இங்கிலாந்தின் விட்பி என்ற கடற்கரை ஊரில் போய்த் தங்கினார். அங்கே 1885-ல் தரைதட்டிய ‘டிமிட்ரி’ என்ற ரஷ்யக் கப்பல், 1897-ல் வந்த ‘டிராகுலா’வில் ‘டிமீட்டர்’ ஆகிக் கரை ஒதுங்குகிறது. மேலே தேவாலயத்துக்குப் போகும் 199 படிகள் இன்றைக்கும் இருக்கின்றன, ஏறிப் பார்க்கலாம்! ஸ்டீபன் கிங் பண்ணினது இன்னும் அட்டகாசம். மெய்ன் மாநிலத்து பேங்கர் நகரில் குடியிருந்துகொண்டே அந்த ஊரை ‘டெர்ரி’ ஆக்கி, சாக்கடைக்குள் ஒரு கோமாளியை உட்கார வைத்து, 1986-ல் ‘இட்’ என்று வெளியிட்டார். நிஜ பேங்கரில் குன்றின் மேல் 1897-ல் கட்டின வெள்ளைத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, அந்தத் தொட்டி டெர்ரியிலும் நிற்கிறது. இதில் வேடிக்கை, டெர்ரி இருக்கிற அதே உலகத்தில் பேங்கர் என்ற ஊரும் தனியாக இருக்கிறது. மனுஷன் மூளையைப் பாருங்கள்!

ஆனால் என்னை ஒரேயடியாகச் சாய்த்தது லவ்கிராஃப்ட்டின் இன்ஸ்மவுத்தான். 1931-ல் எழுதி 1936-ல் புத்தகமாக வந்த கதை. நியூபரிபோர்ட் என்ற நிஜ ஊரில் ஒரு பையன் ஆர்க்கம் போக நிற்கிறான். ரயில் கட்டணம் ஜாஸ்தி என்று முகம் சுளிக்க, டிக்கெட் கவுன்ட்டரில் இருப்பவர் சொல்கிறார்: பழைய பஸ் ஒன்று இருக்கிறது, மலிவுதான், ஆனால் இன்ஸ்மவுத் வழியாகப் போகும், யாரும் ஏற மாட்டார்கள். ஐயோ! ஆர்க்கமும் பொய், இன்ஸ்மவுத்தும் பொய், ஆனால் பஸ் கிளம்பும் இடம் சத்தியம். லவ்கிராஃப்ட் இழு இழு என்று இழுப்பார், இனத்துவேஷமும் அங்கங்கே எட்டிப் பார்க்கும், இருக்கட்டும், அந்த ஒரு பஸ்ஸுக்காக நான் அவரைத் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

அதை நான் எங்கே படித்தேன் தெரியுமா? ஆலத்தியூரில், வெயில் கொளுத்தும் மத்தியானத்தில், ஃபேன் கடகடவென்று சுற்ற, கடலுக்கடியில் வாழ்கிறவர்கள் இன்ஸ்மவுத் தெருவுக்குள் வருகிற பக்கத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற அதே நொடியில், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள்! தரை அதிர்ந்து, ஜன்னல் கண்ணாடி நடுங்கி, அலமாரித் தட்டில் டம்ளர் கிணுகிணுக்க, புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன், ஓடி நின்ற இடத்தில்தான் சட்டென்று உறைத்தது, அட, இந்தச் சுண்ணாம்புக்கல்லே கடல் போட்டுவிட்டுப் போனதுதானே! கிரெட்டேசியஸ் காலத்தில் இந்த அரியலூர், பெரம்பலூர்ச் சீமை கடலுக்கடியில் கிடந்ததே, காரைப் பக்கத்து வறண்ட செம்மண் மேடுகளில் இன்றைக்கும் நத்தை மாதிரிச் சுருண்ட அம்மோனைட்டுகள் கல்லாகக் கிடைக்கிறதே, சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் அப்படியே கல்லாகிப் படுத்திருக்கிறதே! கடல் வந்து குடியிருந்து கிளம்பிப்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் இன்ஸ்மவுத்தை அமெரிக்காவில் தேடிக்கொண்டிருக்கிறேன்! மயிர்க்கூச்செறிந்துவிட்டது, சத்தியமாக. அன்றைக்குச் சாயங்காலம் அரியலூருக்கு பஸ் ஏறினபோது கண்டக்டர் “எங்க?” என்றதும் வாய் தவறி அந்த ஊர்ப் பேரைச் சொல்லிவிடுவேனோ என்று நெஞ்சு படபடத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, சிமென்ட் ஆலை விளக்குகள் பின்னால் போக, இருட்டில் வருகிற ஒவ்வொரு நிறுத்தத்தையும் இதுவாக இருக்குமோ, இதுவாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே போனேன். அந்தப் பிரயாணத்துக்கு ஈடு கிடையாது!

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் போய்விட்டார். தோட்டக்காரமங்கலத்தை நம் கைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். படிக்காதவர்கள் ‘விட்டு விடு கருப்பா’வை உடனே எடுத்துப் படியுங்கள், முடிச்சை நான் உடைக்க மாட்டேன். எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அரியலூருக்கும் செந்துறைக்கும் நடுவில், கடல் வற்றிய மண்ணில், எந்த பஸ்ஸும் நிற்காத ஓர் ஊரை யாராவது எழுதுங்களேன். முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.