எள்ளப்பட்டவர் நகைத்தாரா?: இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டார நையாண்டி மேளத்தில் அங்கதம்

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாக வைக்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். பேராசிரியர் தம் உரையில் அதனை இரண்டாகப் பகுப்பார்: பிறரைத் தான் எள்ளி நகுதல் ஒன்று, பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதல் மற்றொன்று. திருவிழா இசையின் அங்கதம் பற்றிய பேச்சு பெரும்பாலும் முதல் வகையோடு நின்றுவிடுகிறது. இரண்டாவதே உரைகல்லாகத் தக்கது.

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டார அம்மன் கோயில் விழாக்களில் கரகாட்டத்திற்கு இசைப்பது நையாண்டி மேளம். அதன் நாகசுரமும் தவிலும் ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத்தில் ஒலிப்பவையே. அங்கே அதற்குப் பெரிய மேளம் என்று பெயர். பம்பையும் உறுமியும் சேர்ந்து தெருவுக்கு வந்ததும் பெயரிலேயே கேலி ஏறிவிடுகிறது. அக்கேலி சொல்லில் மட்டும் இல்லை. கோமாளி ஓர் அடியை வீறாப்பாகத் தொடங்குவான். தவில்காரர் தாளத்தை இடையில் முறித்து அவனை அந்தரத்தில் நிறுத்துவார். கூட்டம் சிரிக்கும், அவனும் சிரிப்பான். பேராசிரியரின் இரண்டாம் வகை இங்கு உயிரோடிருக்கிறது. சொற்களை மட்டும் படித்துவிட்டு இக்கலையைக் கொச்சை என ஒதுக்குவோர் இந்த முறிவைக் கேட்காதவர்கள்.

ஆயினும் கலை முழுமைக்கும் இப்பாராட்டு பொருந்தாது. கரகம் சுமக்கும் பெண்ணை நோக்கிக் கோமாளி வீசும் இரட்டைப்பொருள் பேச்சுக்கு அவளும் சிரிக்கிறாள். அச்சிரிப்பு அவள் பெறும் கூலிக்கான வேலையின் ஒரு பகுதி. சுடச்சுடப் பதில் சொல்லும் ஆட்டக்காரி வாய்க்கும்போதுதான் ஆட்டம் நிமிர்கிறது. குறவன் குறத்தி ஆட்டத்திலோ எள்ளப்படுபவர் களத்திலேயே இல்லை. பிறர் அவர் வேடம் புனைந்து ஆடினர். திருக்குற்றாலக் குறவஞ்சியின் குறத்தி தன் மலைவளத்தைப் பெருமிதத்தோடு பாடுபவள். மேடைக் குறத்திக்கோ மலையே இல்லை, இடுப்பசைவு மட்டுமே உண்டு. குறவர் சமூகத்தினரின் எதிர்ப்பையும் மதுரைக் கிளை உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கையும் அடுத்து, 2023ஆம் ஆண்டு தமிழக அரசு அவ்வாட்டத்தைத் தடைசெய்தது.

பிரேசிலின் கார்னிவல் விழாவிலும் இவ்வினா எழுந்துள்ளது. ரியோ டி ஜெனிரோவின் தெருக்களில் 1899இல் சிக்கின்யா கொன்சாகா இயற்றிய பாட்டிலிருந்து வளர்ந்தது ‘மார்ஷின்யா’ என்னும் நடைப்பாட்டு. ஆட்சியாளரையும் விலைவாசியையும் கேலி செய்து பழகியது. கறுப்புக் கலப்பினப் பெண்ணின் தலைமுடியைப் பாடி 1932 கார்னிவலில் பெரும்புகழ் பெற்றதொரு மார்ஷின்யாவை 2017இல் சில தெருக்குழுக்கள் தாமாகவே கைவிட்டன. கேலி கீழ்நோக்கிப் பாய்ந்ததை அங்கு இசைப்போரே விவாதித்தனர். இங்கு அவ்விவாதம் மேளக்காரர்களிடையே நிகழுமுன் ஆணை வந்துவிட்டது.

ஆணை வேண்டாததன்று. அது தொடாத பகுதியே கவலைக்குரியது. ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு நீதிமன்றம் விதித்துவரும் நிபந்தனைகள் ஆபாச அசைவையும் இரட்டைப்பொருள் பாடலையும் விலக்குகின்றன. கட்சி, சாதி, தலைவர் பற்றிய பாடல்களையும் அதே மூச்சில் விலக்குகின்றன. சாதிப்பெருமை பேசும் பாட்டால் மூளும் சண்டையைத் தவிர்ப்பது இதன் நோக்கமாகலாம். விளைவோ வேறு. ஆட்டக்காரியைக் காக்கும் விதியும், தலைவரைக் கேலியினின்று காக்கும் விதியும் ஒரே தாளில் அமைந்துவிட்டன. முன்னதை மீறுவோருக்குக் கூட்டத்தின் கைதட்டல் உண்டு. பின்னதை மீறத் துணியும் கோமாளிக்கு அடுத்த ஊரின் அழைப்பே ஐயமாகிவிடும்.