அகிற்புகையும் ஈரக்கூந்தலும்

மார்கழி மாதம். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, ரிவர்ஸ்டன் வழியாக லக்கலவுக்கு ஏறி இறங்கும் மலைப்பாதையில் வடகீழ்ப் பருவமழை ஓயாது பொழியும் காலம். அப்பாதையோரப் பாடசாலை ஒன்றில், கூந்தலை விரித்தபடி வகுப்புக்கு வந்த தோட்டத்து மாணவி ஒருத்தியை நாம் கடிந்துகொண்டோம். “தல இன்னும் காயல சேர்” என்றாள். பின்னச் சொன்னோம், பின்னிக்கொண்டாள். பின்னல் நுனியிலிருந்து சொட்டிய நீர் அவளது கொப்பியை நனைத்தது. அன்று நாம் நடத்திய பாடம் நெடுநல்வாடை.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய இந்நூலை 188 அடிகளில் நக்கீரர் பாடினார். அதன் முற்பகுதியிலே கூதிர்க்கால நகரம் விரிகிறது. செல்வர் மனையில் சந்தனக்கல் பயனற்றுக் கிடக்கிறது, விசிறி தொங்குகிறது, தண்ணீரை எவரும் நாடுவதில்லை. மகளிர் மாலை புனையாது, கூந்தலிற் சில மலரே பெய்ய விரும்பி, தகரக் கட்டையில் நெருப்பமைத்து அகிலும் அயிரும் புகைக்கின்றனர். மணமூட்டுவதோடு மழைக்கால ஈரத்தைப் போக்கவும் அப்புகை உதவியிருக்கும் எனக் கொள்வது பொருந்தும். அவ்வாறாயின், இன்றைய மின் உலர்த்திக்கு அகிற்புகையே மூத்த உறவு என்க.

ஆயின், அப்பாட்டிலே வேறொரு நெருப்பும் உண்டு. நகரத்துக்குள் நுழையும் முன்னரே புலவர் நமக்குக் காட்டுவது கோவலரின் நெருப்பை. வெள்ளத்தால் இடம்பெயர்ந்து, நிரைகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்று, சூடிய கண்ணி மழையில் நனைந்து கலைய, கொள்ளியிலே கைகாய்ச்சிக் கன்னத்தில் ஒற்றி நடுங்குகின்றனர் அவர்கள். மழை ஒன்றே, நெருப்புகள் இரண்டு. ஒன்று உயிரைக் காக்க, மற்றொன்று அழகைக் காக்க. இவ்விரண்டையும் ஒரே பாட்டில் வைத்த நக்கீரரின் கண் நேர்மையான கண். குறை நம்முடையது. வகுப்பறையில் அகிலின் நயத்தை வியந்து உரைக்கும் நாம், கோவலரை ஒரு வரியிற் கடந்து போகிறோம்.

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டையொட்டித் திருவிளையாடற் புராணம் கூறும் வழக்கை எல்லோரும் அறிவர். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் இல்லை, அது பூவாலும் புகையாலும் வருவதே என்று நக்கீரர் வாதாடினாராம். கதை எப்படியும் ஆகுக. கூந்தலின் மணத்துக்குப் பின்னே கட்டையும் நெருப்பும் இருக்கின்றன என்பதை அக்கதை மறைக்கவில்லை. அந்தக் கட்டையை வெட்டிச் சுமந்தவர் யார் என்ற வினாவை மட்டும் அது கேட்கவில்லை.

இன்று வேறொரு குரல் கேட்கிறது. ‘வெப்பக் கருவி வேண்டாம், கூந்தலை இயற்கையாக உலரவிடுங்கள்’ என்கின்றன அழகுக்கலைப் பக்கங்கள். அதில் உண்மை உண்டு. மிகுந்த வெப்பம் மயிரின் புறச்செதில்களைச் சிதைக்கிறது. அதன் புரதத்தையும் கெடுக்கிறது. ஆயினும் 2011 இல் வெளியான கொரிய ஆய்வொன்று, நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும் மயிரின் உட்பிணைப்பும் பழுதுறக் கண்டது. 15 சென்டிமீற்றர் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாது அசைத்துக்கொண்டே உலர்த்தினால், காற்றில் உலரவிடுவதைவிடக் கேடு குறைவு என்றது. ஈர மயிர் பருத்து, எளிதில் நீண்டு அறுவதும் அறிந்ததே. ஆகவே ‘இயற்கை’ என்ற ஒரு சொல்லாலே வழக்கு முடிந்துவிடாது. காற்று இலவசம்; காற்றில் தலையை உலர்த்தும் பொழுது இலவசமன்று.

அந்தப் பொழுது யாரிடம் இருக்கிறது? விடியுமுன் பீலித் தண்ணீரில் தலைமுழுகிப் பெரட்டுக்கு ஓடும் தாயிடம் இல்லை. ஈரத் தலைமீது துணியைக் கட்டி, அதன்மேல் கூடையின் கயிற்றை மாட்டிக்கொண்டு அவள் மலை ஏறுகிறாள். ஈர மயிர் வலுவிழந்திருக்கும் வேளையிலேயே கொழுந்தின் பாரம் அதை இழுக்கிறது. மாலையில் அவள் தலை உலர்வது காற்றிலன்று, லயத்தின் அடுப்படியில். அங்கே அகில் இல்லை; ஈர விறகின் புகையே உண்டு. பள்ளிக்கு வந்த அவள் மகளின் தலையில் நாம் உணர்ந்ததும் அந்தப் புகையே. அதைத் துப்புரவின்மை என்று எண்ணினோம். அவ்வாறு எண்ணியதற்கு வெட்கப்படுகிறோம்.

மறுநாள் அதே பாடத்தை மீண்டும் நடத்தினோம். கோவலரிலிருந்து தொடங்கினோம். “அவுங்களுக்குக் காய வைக்க நேரம் இருந்துச்சா சேர்?” என்று அந்த மாணவியே கேட்டாள். எந்த உரையாசிரியரும் நமக்குக் கற்பிக்காத வினா அது.

இலக்கியத்தைத் திறனாய்வதாவது அந்த வினாவுக்கு இடந்தருவதே என்று கருதுகிறோம். வியந்து பாடப்பட்ட கூந்தல்களின் வரலாறு, ஓய்வு பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பதன் வரலாறும் ஆகும். ஆசிரியத் தோழர்கள் நெடுநல்வாடையை இவ்வழியில் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம். கூடவே, மழைக்கால முதற்பாட வேளையில் நனைந்த கூந்தலை விரித்தபடி இருக்கவும் பிள்ளைகளை விடுங்கள். பின்னல் சற்றுப் பிந்தலாம். அதனால் கல்வி கெட்டுவிடாது.