சாவி ஒடிந்த காலை

சாவி ஒடிகிறபோது பெரிதாகச் சத்தம் வராது. 'டிக்' என்று ஒன்று, அவ்வளவுதான். குனிந்து பார்த்தால் சாவியின் தலை மட்டும் கையில் இருக்கும். அதோடு தொங்கிக்கொண்டு வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஒரு குட்டிப் பித்தளைப் பிள்ளையார்.

மார்கழி மாதத்துக் காலை ஒன்றில், கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட் ஓரம் என் பழைய மாருதி 800-ல் இது நடந்தது. ஐந்து நிமிஷத்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள். தங்கவயலில் வண்டி நின்றுபோனால் இது ஒரு வசதி, ஒரு தொல்லையும்கூட. கூட்டத்தில் சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பத்துக்காரர் ஒருவரும் பி.இ.எம்.எல். தொழிற்சாலையில் ரிட்டயர் ஆனவர் ஒருவரும் இருந்தே தீர்வார்கள். இரும்பைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. ஒருவர் காந்தம் வைத்து இழுக்கச் சொன்னார். (பித்தளைச் சாவியைக் காந்தம் சீண்டாது என்று பக்கத்தில் இருந்தவரே அடக்கிவிட்டார்.) இன்னொருவர் ஈர்க்குச்சி நுனியில் பசை தொட்டு உள்ளே ஒட்டி இழுக்கலாம் என்றார். டீக்கடைப் பையன் எதற்கும் இருக்கட்டும் என்று சுத்தியல் கொண்டுவந்து வைத்தான்.

நல்லவேளை, இதில் எதையும் செய்வதற்குள் சாவிக்கார பாய் வந்துவிட்டார். கையில் ஒரு தகரப் பெட்டி, காதில் பென்சில். வண்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"யாராவது உள்ள கை வெச்சாங்களா சார்?"

"இல்ல பாய்."

"எண்ணெய் ஏதாவது?"

"ரெண்டு நாளா டைட்டா இருந்துச்சு. நேத்து ராத்திரி தேங்காய் எண்ணெய் விட்டேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு பழைய பனியன் துணியை மடியில் விரித்துக்கொண்டார். டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மேஜையில் வைக்கிற மௌனம் அது.

அந்த மௌனத்துக்கு அர்த்தம் பிறகுதான் புரிந்தது. தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து 2,700 அடிக்கு மேலே இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் காலையில் குளியலறைத் தேங்காய் எண்ணெய் சீசாவிலேயே வெள்ளையாக உறைந்து கிடக்கும். இருபத்துநாலு டிகிரிக்குக் கீழே போனால் அது எண்ணெய் இல்லை, மெழுகு. அந்த மெழுகைத்தான் நான் பூட்டுக்குள் ஊற்றியிருந்தேன். அது போதாதென்று இந்த ஊர்ப் புழுதி வேறு. சுரங்கத்திலிருந்து வந்த கல்லை மாவாக அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய கழிவு 13 மேடுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது, சுமார் 3.3 கோடி டன். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. மேடு மூடப்படவில்லை. காற்றடிக்கிற மாதங்களில் அந்த மாவு ஜன்னல் இடுக்கு, சோற்றுப் பானை, சாவித்துவாரம் என்று ஒன்றையும் விடாது. வெறும் மாவாக இருந்தால் ஊதித் தள்ளிவிடலாம். எண்ணெய் சேர்ந்தால் களிம்பு. "இந்த ஊர்ல பூட்டைக் கெடுக்கிறது திருடன் இல்ல சார், எண்ணெய்" என்றார் பாய் பிறகு. பெட்டியில் அவர் வைத்திருந்தது பென்சில் கரியை உரசி எடுத்த தூள். பிசுபிசுப்பு கிடையாது, உறையாது, புழுதியைக் கூப்பிட்டு உட்கார வைக்காது.

அவர் கை என்ன செய்தது என்று சொல்வதற்கு முன் பூட்டின் உள்ளே இருப்பதைச் சொல்லியாக வேண்டும். கார் பூட்டின் நடுவில் சுழலுகிற உருளை ஒன்று. அதில் குறுக்கே எட்டோ பத்தோ மெல்லிய பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஜன்னல், ஒவ்வொன்றின் பின்னாலும் தலைமயிரைவிடச் சற்றே தடித்த ஸ்பிரிங். சாவி இல்லாதபோது தகடுகள் உருளைக்கு வெளியே தலை நீட்டி, சுற்றிலும் உள்ள கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். சரியான சாவி ஜன்னல்கள் வழியாகப் போனதும் அதன் மேடு பள்ளத்துக்கு ஏற்ப எல்லாத் தகடும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உருளை சுற்றும். ஒரே ஒரு தகடு மயிரிழை வெளியே நின்றாலும் சுற்றாது. சாவி பாதியில் ஒடிந்தால் உடைந்த துண்டை இந்தத் தகடுகள்தான் பிடித்துக்கொள்கின்றன. அதிலும் உருளை கொஞ்சம் திரும்பிய நிலையில் ஒடிந்துவிட்டால் போச்சு. தகடுகளுக்கு நகர இடமே கிடையாது. துண்டு பற்களுக்கு நடுவே சிக்கிய கரும்புச் சக்கைபோல நிற்கும். இழுக்க இழுக்க இறுகும்.

என் வண்டியில் அதுதான் நடந்திருந்தது. முன்சக்கரம் நடைபாதைக் கல்லில் முட்டி நின்றதில் ஸ்டியரிங் லாக்கின் தாழ் ஒரு பக்கமாக அழுந்திக் கிடந்திருக்கிறது. அது தெரியாமல் நான் சாவியை முறுக்கினேன். பூட்டு கடுகளவு திரும்பி நின்றது, சாவி திரும்பிக்கொண்டே போனது.

பாய் முதலில் சாவித்துவாரத்தைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டி, எந்தப் பக்கம் இளக்கம் என்று பார்த்தார். அந்தப் பக்கமாக இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையில் முனை தேய்த்து மெலிந்த ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரைத் துவாரத்தில் வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார். இரண்டு விரல் மட்டும். கூட்டத்தைப் பார்த்து "கொஞ்சம் சும்மா இருங்க" என்றார். நாங்கள் ஏழெட்டுப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் கம்பியால் கூரைப்பாறையைத் தட்டிக் காது கொடுப்பதைப் பற்றிச் சொல்வார்கள்: கணீரென்றால் கெட்டி, பொத்தென்றால் உள்ளே பிளவு, ஓடு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உயிரைக் காப்பாற்றிய காது அது. பாயின் காது விரல் நுனியில் இருந்தது. 'க்ளுக்' என்று ஒரு சின்ன ஓசை. எனக்குக் கேட்டதா, அவர் முகத்தைப் பார்த்து நானே கற்பித்துக்கொண்டேனா என்று இன்றைக்கும் தெரியாது. உருளை பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

என்னைக் கேட்டால் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் பொறுமை. வாய்க்குள் சின்ன ரப்பர் குழாயை வைத்து ஊதிக் களிம்பின் மேல்தூளைத் தள்ளினார். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டார். பெட்டியிலிருந்து வந்தது மரவேலைக்காரர்கள் சித்திரம் அறுக்கிற நூல் ரம்பத்தின் உடைந்த பிளேடு. இரண்டு பக்கமும் உரசி ஊசிபோல ஆக்கியிருந்தார். பற்கள் தன்னைப் பார்த்திருக்கும்படி, சாவித் துண்டின் விளிம்பு ஓரமாக உள்ளே விட்டார். போகிறபோது பல் வழுக்கும், வருகிறபோது கடிக்கும். மாருதி சாவிக்கு இரண்டு விளிம்பிலும் வெட்டு உண்டு என்பதால் மறுபக்கமும் இன்னொரு பிளேடு. இரண்டையும் சேர்த்துப் பிடித்து அரைச் சுற்றுக்கும் குறைவாக முறுக்கி இழுத்தார். வரவில்லை. மறுபடி. மூன்றாவது தடவை நெல்மணி அளவுக்குப் பித்தளை வெளியே எட்டிப் பார்த்தது.

இங்கேதான் கற்றுக்குட்டி அவசரப்படுவான். இடுக்கியால் கவ்வி இழுக்கப் போய், நுனி வழுக்கி, துண்டு பழைய இடத்துக்கே போய்விடும். பாய் பிளேடை எடுக்கவே இல்லை. அது பின்னால் தாங்கிக்கொண்டிருக்க, பொற்கொல்லர் வைத்திருக்கிற மாதிரி ஒரு கூர்ச் சாமணத்தால் முன்னால் பிடித்து நேர்க்கோட்டில் எடுத்தார். மடியில் விரித்த துணியில் அது விழுந்ததும் டீக்கடைப் பையன் சுத்தியலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான்.

காரை ஸ்டார்ட் பண்ணுவதே சாவியின் வேலையாக ஆனது ரொம்பப் பழைய ஏற்பாடு இல்லை. சாவியைத் திருப்பினாலே எஞ்சின் சுற்றும்படி கிரைஸ்லர் கம்பெனி செய்தது 1949-ல். அதற்கு முன் சாவி வேறு, ஸ்டார்ட்டர் பொத்தான் வேறு. அப்புறம் ஸ்டியரிங் லாக்கும் அதே பூட்டில் வந்து சேர்ந்தது. மெல்லிய பித்தளைத் தகட்டின் தலையில் இத்தனை பாரத்தை ஏற்றிவிட்டு, நாம் அதில் பிள்ளையாரையும் தொங்கவிடுகிறோம். ஒடிந்த இடத்தை பாய் காட்டினார். சாவியில் எங்கே பள்ளம் ரொம்ப ஆழமோ அங்கேதான். ஒடிந்த முகத்தில் பாதி மங்கல், பாதி பளபளப்பு. மங்கல் பழைய விரிசல், பளபளப்பு இன்றைக்கு ஒடிந்தது. "ஆறு மாசமா ஒடிஞ்சிட்டே இருந்திருக்கு. இன்னிக்கு முடிஞ்சுது" என்றார்.

பூட்டுத் தொழில் என்றால் நமக்கு உடனே திண்டுக்கல்தான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. கையால் செய்கிற மாங்காய்ப் பூட்டைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான். ஆனால் பூட்டைச் செய்கிறவர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு செய்கிறார். இவர் அடுத்தவன் செய்த பூட்டை, மூடிய நிலையில், உடைந்த சாவியோடு, கூட்டத்துக்கு நடுவே வாசிக்கிறார். இரண்டில் எது கடினம் என்று கேட்டால் நான் இரண்டாவதற்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

புதுச் சாவி வெட்டியதிலும் ஒரு நயம் இருந்தது. இரண்டு துண்டையும் தகட்டில் சேர்த்து வைத்தார். அதை அப்படியே பார்த்து வெட்டினால் பதினைந்து வருஷத் தேய்மானமும் சேர்ந்து புதுச் சாவியில் ஏறிவிடும். மேடுகளில் தேய்ந்த அளவைக் கணக்கிட்டு, அங்கெல்லாம் கொஞ்சம் உயர்த்தியே விட்டார். பிறகு மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரி ஏற்றி, பூட்டில் விட்டு லேசாக அசைத்து எடுத்தார். எந்தத் தகடு உரசுகிறதோ அங்கே கரி விலகிப் பித்தளை மின்னியது. அந்தப் புள்ளியில் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி பூட்டு. ஐந்தாவது தடவை உருளை வெண்ணெயில் கத்தி போவதுபோலச் சுற்றியது. பூட்டின் முகத்தில் ஒரு கீறல் இல்லை. இந்தக் கலைக்கு நான் வைத்திருக்கிற அளவுகோல் இது ஒன்றுதான்.

இப்போது வருகிற பல கார்களில் ஸ்டார்ட் பண்ணப் பொத்தான்தான், துவாரம் இல்லை. சாவி இருக்கிற பல கார்களிலும் சாவியின் தலைக்குள் சில்லு ஒன்று இருக்கிறது. அதை வண்டி அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும். ஒடிந்தால் அந்தத் தலையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் விடியற்காலையில் வண்டியை விட்டுவிட்டு பெங்களூர் ரயில் ஏறுகிறவர்களின் பைக், ஸ்கூட்டர் இருக்கிறவரைக்கும் பாய்க்கு வேலை இருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் வண்டிக்குப் புழங்குகிற சாவி ஒன்றுதான் என்றால், இந்த வாரமே இன்னொன்று வெட்டி வையுங்கள். தினமும் போடுகிற தேய்ந்த சாவியைக் கொடுக்காதீர்கள். வண்டி வாங்கிய அன்று பீரோவில் போட்டு வைத்த அந்த இரண்டாவது சாவியைத் தேடி எடுத்துக் கொடுங்கள். பிள்ளையாரை வீட்டுச் சாவிக்கு மாற்றிவிடுங்கள்.