அகராதியின் இரண்டாவது பெயர்

1908 பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க் தெருவில் அடித்துப் போடப்பட்ட காந்தியைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் ஜோசப் டோக் என்கிற பாப்டிஸ்ட் பாதிரியார். காந்தியின் முதல் வாழ்க்கை வரலாற்றை (1909) எழுதியவரும் அவர்தான். இது நம்மில் பலருக்குத் தெரியும். அவருடைய மகன் கிளெமென்ட் டோக் (1893-1980) பற்றி இங்கே யாரும் பேசிக் கேட்டதில்லை. பாண்டு மொழிகளின் இலக்கணத்தை லத்தீனின் பிடியிலிருந்து விடுவிக்க முனைந்தவர் மகன். அவரைப் படிக்கப் போய், அவர் பக்கத்தில் இருந்த இன்னொருவரிடம் வந்து நின்றேன்.

1914இல் டோக் மிஷனரியாக லம்பா மக்களிடம் போனார். இன்றைய ஜாம்பியாவின் செம்புச் சுரங்கப் பகுதி அது. 1923இல் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1931 முதல் 1953 வரை அங்கே பாண்டு ஆய்வுத் துறையின் தலைவர்.

அவர் செய்தது சின்ன வேலை இல்லை. ஜூலு மொழியில் 'உமுண்டு' என்றால் மனிதர் ஒருவர். 'அபாண்டு' என்றால் மனிதர்கள். ஒருவர் நடந்தால் 'உமுண்டு உயஹாம்ப', பலர் நடந்தால் 'அபாண்டு பயஹாம்ப'. நாம் 'நடக்கிறான், நடக்கிறார்கள்' என்று கடைசியில் காட்டுவதை அவர்கள் முன்னாலேயே காட்டிவிடுகிறார்கள். நமக்கு உயர்திணை, அஃறிணை என இரண்டு. அவர்களுக்கோ பத்துக்கு மேற்பட்ட பெயர்வகுப்புகள். லத்தீன் படித்துவிட்டு வந்தவர்கள் இதற்குள் வேற்றுமையையும் முன்னிடைச்சொல்லையும் தேடினார்கள். தேடியது கிடைக்காதபோது குறை மொழியின் தலையில் விழுந்தது. ஒரு சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறதோ அதை வைத்து வகைப்படுத்துங்கள் என்றார் டோக்.

1935இல் 'ஐடியோஃபோன்' என்று அவர் பெயரிட்ட சொல்வகை இப்படி வந்ததுதான். ஒலி, நிறம், மணம், அசைவு, நிலை ஆகியவற்றை ஒரே வீச்சில் காட்டுகிற சொற்கள். தமிழ் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'பளிச்சென்று', 'படக்கென்று' என்கிறோமே, அதேதான். நாம் 'என்று' போடுகிற இடத்தில் ஜூலுவும் 'சொல்' என்று பொருள்படும் 'உகுத்தி' என்கிற வினையைத்தான் போடுகிறது. ஐரோப்பிய இலக்கணத்தின் ஓரத்தில் கிடந்த இவற்றைத் தனிச் சொல்வகையாக நிறுத்தியவர் டோக். இதை நாம் மனசார ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் மொழிக்குக் கிடைத்த இந்த மரியாதை மொழி பேசியவருக்குக் கிடைத்ததா?

பெனடிக்ட் வாலட் விலாக்காஸி (1906-1947) ஜூலுக் கவிஞர், நாவலாசிரியர். தங்கச் சுரங்க எந்திரங்களின் இரைச்சலைக் கவிதையாக்கியவர். 1930களின் நடுவில் டோக்கின் துறையில் சேர்ந்தார். தென்னாப்பிரிக்க வெள்ளையர் பல்கலைக்கழகம் ஒன்றில் பாடம் சொன்ன முதல் கறுப்பர் இவர்தான். அவரைச் சேர்த்துக்கொண்டதற்காக எழுந்த எதிர்ப்பை டோக் தாங்கினார் என்பதும் உண்மை. ஆனால் விலாக்காஸிக்குத் தரப்பட்ட பதவியின் பெயர் 'மொழி உதவியாளர்'. தன் தாய்மொழிக்கு அவர் உதவியாளராம்! 1946இல் முனைவர் பட்டமும் வாங்கினார். அடுத்த ஆண்டு செத்துப்போனார். 41 வயது. இருவரும் சேர்ந்து உருவாக்கிய ஜூலு-ஆங்கில அகராதி 1948இல் வந்தது. முகப்பில் இரண்டு பெயர்கள். விலாக்காஸியுடையது இரண்டாவது.

அதே 1948இல்தான் நிறவெறிக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. 'மனிதர்கள்' என்கிற சொல்லிலிருந்து மொழிக்குடும்பத்துக்கான பெயரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாக்கியவர் வில்ஹெல்ம் பிளீக். விலாக்காஸி அந்தப் பெயரைத் தனதாகவே எடுத்துக்கொண்டார்; ஆப்பிரிக்க மொழியில் எழுதினால்தான் அது பாண்டு இலக்கியம் என்று ஹெர்பர்ட் டலோமோவோடு வாதாடினார். அரசு அதே சொல்லை எடுத்து 1953இல் 'பாண்டு கல்விச் சட்டம்' போட்டது. மனிதர்கள் என்று பொருள்படும் சொல் அந்த மனிதர்களே கேட்டு முகம் சுளிக்கிற வசையானது.

1959இல் கறுப்பர்களை எட்டு 'தேசிய அலகு'களாக வெட்டினார்கள். அளவுகோல் மொழி. வட சோத்தோ, தென் சோத்தோ, ட்ஸ்வானா மூன்றும் நெருங்கிய உறவுள்ள மொழிகள். பெர்லின் மிஷன், பாரிஸ் மிஷன், லண்டன் மிஷன் என்று ஆளுக்கொரு எழுத்துமுறை வகுத்ததில் அவை மூன்று எழுத்துமொழிகளாக நிலைபெற்றிருந்தன. வேதாகமம் அச்சிடப் போட்ட கோடு சட்டப் புத்தகத்தில் வேலியானது. இதற்கு டோக்கைக் குற்றவாளியாக்குவது அபத்தம். சிதறிக் கிடந்த மிஷன் எழுத்துகளை ஒன்றாக்கி ஷோனாவுக்குப் பொது எழுத்துமொழி வகுத்து 1931இல் அறிக்கை தந்தவர் அவர். ஆனால் எது ஒரே மொழி, எது வேறு மொழி என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் அப்போதும் ஒரு வெள்ளைக்காரர்தான் உட்கார்ந்திருந்தார். கோடு போட்டவரும் அழித்தவரும் ஒரே பக்கத்து ஆட்கள்.

எம்.ஏ. வகுப்பில் எனக்குக் கால்டுவெல்லைச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் ஒப்பிலக்கணம் 1856. பிளீக்கின் தென்னாப்பிரிக்க ஒப்பிலக்கணத்தின் முதல் பகுதி 1862. இரண்டு பேரும் ஒரு குடும்பத்துக்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் நாம் அரசியலே நடத்தினோம். கால்டுவெல்லுக்குச் சொல் சொன்னவர்கள் யார், எந்தச் சாதி, எந்த ஊர் என்று அந்த வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது விலாக்காஸியைப் படித்த பிறகுதான்.